மிதிக்காமலே சுற்றிய பெடல்

சைக்கிளில் எஞ்சினை ஏற்றுவது அரை நாள் வேலை. அந்த எஞ்சினின் சுற்றலைப் பின்சக்கரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஆளைத் தின்கிற வேலை.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில், பழனி ரோட்டோரம் கடை போட்டு நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் மொபெட் எஞ்சின், வயலுக்கு மருந்தடிக்கிற பம்பின் எஞ்சின், எது அகப்பட்டாலும் துடைத்துச் சரிசெய்து சைக்கிளில் மாட்டிவிடுவேன். மாட்டிய பிறகுதான் தலைவலி ஆரம்பிக்கும். சுற்றலைச் சக்கரத்துக்குக் கடத்த மூன்று வழி உண்டு. ஒன்று, எஞ்சின் முனையில் இரும்பு உருளையை வைத்து டயர் மேலேயே அழுத்திவிடுவது. இரண்டாவது, பின்சக்கரத்தில் இன்னொரு ரிம்மைக் கட்டி பெல்ட் போடுவது. மூன்றாவது, சக்கரத்தின் இடப்பக்கம் ஒரு பல்சக்கரம் வைத்து இன்னொரு செயின் ஓட்டுவது. இதில் எது நல்லது என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். எதைப் பொருத்தினால் குறைவாகத் திட்டு விழும் என்று நான் யோசிப்பேன். டெய்லர் கடையோ, ரேடியோ ரிப்பேர் கடையோ, மாவு மில்லோ வைத்து வாடிக்கையாளர்களோடு மாரடித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மேலிருந்து பார்க்கிறவர்

பரமசிவம் அண்ணனுக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் தோட்டம். ஐம்பதைத் தாண்டிய ஆள். சின்ன உருவம், பெரிய மீசை. ஒருநாள் தக்காளிக் கூடைகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு நேராக என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். சில வருடங்களுக்கு முன்னால் அவர் மனைவி பேச்சியம்மாள் விஷக்காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அண்ணன் வராந்தாவில் நின்று, பழனி இருக்கிற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து, இவள் பிழைத்து எழுந்தால் சைக்கிள் மிதித்தே வந்து மொட்டை போடுகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டார். அக்கா பிழைத்துவிட்டார். அண்ணன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒரு வருடம் மழை, அடுத்த வருடம் மழை இல்லை, அதற்கடுத்த வருடம் முழங்கால் போய்விட்டது.

இப்போது அக்கா ராத்திரியில் தும்ம ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு தும்மலும் பழனியிலிருந்து வருகிற நினைவூட்டல் என்று அண்ணனுக்குப் பட்டுவிட்டது. சொன்னதைச் செய்யாததால் கொடுத்த உயிரை முருகன் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயம். அதைச் சொல்லும்போது அந்த மீசைக்காரருக்குக் கண் கலங்கியது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆர்டரைச் சொன்னார்:

“எஞ்சின் வச்சுக் குடு தம்பி. ஆனா காலு சுத்திக்கிட்டே இருக்கணும். முருகன் மலை மேல இருந்து பாக்குறப்ப மிதிக்கிற மாதிரி தெரியணும்ல.”

தூபம் போட்ட வாத்தியார்

உருளை வைத்தால் வேலை சுலபம் என்று சொன்னேன். எஞ்சின் டயரைத் தள்ளும், நீங்கள் பெடலைச் சும்மா சுற்றிக்கொண்டு வாருங்கள், மலை மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்றேன். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. “அது நடிப்பு தம்பி. சாமிகிட்ட நடிக்கலாமா?” என்றார். அவர் கணக்கு வேறு. பெடல் செயினை இழுக்க வேண்டும், செயின் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அந்தப் பெடலைச் சுற்றுவது காலா எஞ்சினா என்பது உள்விவகாரம். எனக்கு இது புரிய இரண்டு டீ தேவைப்பட்டது. நான் அந்தோணியார் கோயிலுக்குப் போகிற ஆள். முருகனிடம் எது செல்லும், எது செல்லாது என்று வாதாட எனக்கு என்ன தெரியும்?

அந்தச் சமயம் பார்த்து சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். அவருக்கு உருளைதான் பொருத்திக் கொடுத்திருந்தேன். உருளையின் குணம் என்னவென்றால், ரோடு நனைந்தால் அது வழுக்கும். எஞ்சின் கத்தும், சைக்கிள் நிற்கும். ரைஸ் மில்லில் பெல்ட் வழுக்கினால் குங்கிலியப் பொடி போடுவதைப் பார்த்திருந்ததால், டயரில் ஒரு சிட்டிகை தூவுங்கள் சார் என்று முந்தின வாரம் சொல்லி அனுப்பினேன். அவர் கணக்கு வாத்தியார் அல்லவா? ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு பிடிமானம் என்றால் ஒரு கைப்பிடிக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்திருக்கிறார். உருளை சூடேறக் குங்கிலியம் புகைய ஆரம்பித்தது. வாத்தியார் போகிற வழியெல்லாம் கமகமவென்று தூபம். குழந்தையோடு நின்ற பெண்கள் வண்டியை மறித்து, பிள்ளைக்குப் புகை காட்டிக்கொண்டு அனுப்பினார்களாம். புகார் சொல்ல வந்தவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு என்னை முறைத்தார்.

“வழுக்கல அருளு, அதெல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஆனா பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சா பிள்ளைக எந்திரிச்சுக் கன்னத்துல போட்டுக்கிருதுக, அப்புறம் நான் எப்படி அதுகள அடிக்கிறது?”

காணாமல் போன பெல்ட்

பெல்ட் போட்டது காதர் பாய்க்கு. தோல் பதனிடுகிற ஷாப்பில் மேற்பார்வை பார்க்கிறவர். நான் ரப்பர் பெல்ட்டை எடுத்துக் காட்டியதும் சிரித்துவிட்டார். தோல் ஷாப்புக்காரன் ரப்பரில் போவதா என்று, மறுநாள் எருமைத் தோலில் நீளமாக ஒரு வார் அறுத்து எடுத்து வந்தார். பதம் இன்னும் முழுசாக ஏறாத தோல். இளக்கமாக இருக்கட்டும் என்று கொழுப்பு வேறு தடவியிருந்தார். மாட்டிப் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட அருமையான பெல்ட்டை நான் பார்த்ததில்லை. வழுக்கல் இல்லை, சத்தம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பரமசிவம் அண்ணன் மட்டும், தோலில் போய் முருகன் முன்னால் நிற்க முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

ஓடி ஓடிச் சூடானதும் அந்த வாரிலிருந்து ஒரு வாசனை கிளம்பியிருக்கிறது. மனுஷ மூக்குக்கு லேசாகத்தான் தெரியும். தெருநாய்களுக்கு அது விருந்தழைப்பு. பாய் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அந்தத் தெருநாய்கள் பின்னால் வரும். குரைக்காது, கடிக்காது, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரியாதையாக ஓடி வரும். கல்யாண வீட்டுக்குப் போனால் பாய் முன்னால், நாய்க் கூட்டம் பின்னால். ஒருநாள் வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கக் கடைக்கு வந்தார்.

“பெட்ரோல் இருக்கு அருளு, எஞ்சினும் ஓடுது. வண்டியத்தான் நாய் தின்னுருச்சு.”

பூசாரிக்கு வந்த சந்தேகம்

உருளையும் இல்லை, பெல்ட்டும் இல்லை என்றானதும் என் மண்டைக்குள் ஒரு வழி தோன்றியது. எஞ்சின் செயினைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகப் பெடல் அச்சுக்கே கொண்டுபோய்விட்டால்? எஞ்சின் பெடலைச் சுற்றும், பெடல் பழைய செயினை இழுக்கும், அது சக்கரத்தைச் சுற்றும். கால் பெடலில் இருந்தால் தானாகச் சுற்றும். அண்ணன் சந்தோஷத்தில் என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மார்கழிப் பனியில் அக்காவின் தும்மல் வேறு கூடிப்போயிருந்தது. இந்த நிலையில் தப்பாக எதையாவது செய்து முருகனுக்குக் கோபம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று, தங்கள் ஊர்ப் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகப் போனார்.

மறுவாரம் தக்காளியோடு வந்தவரிடம், பூசாரி என்ன சொன்னார் என்று கேட்டேன். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம். விபூதியை எடுத்து அண்ணன் நெற்றியில் பூசிவிட்டுச் சொன்னது இதுதானாம்:

“நீ முன்னாடி போயிட்டு வா பரமசிவம். அது நல்லபடியா ஓடுச்சுன்னா எனக்கும் ஒண்ணு சொல்லி வையி.”

ஸ்டாண்டில் ஒரு ஓட்டம்

எல்லாம் பொருத்தி முடித்தேன். பெடல் அச்சில் பெரிய பல்சக்கரம் போட்டால் நிதானமாகச் சுற்றும். கடைவீதியில் பெரியது கிடைக்கவில்லை. சோதனைதானே என்று கையில் இருந்த சின்னதைப் போட்டேன். இங்கேதான் விதி சிரித்தது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து, அண்ணனை மேலே ஏற்றி உட்கார வைத்து எஞ்சினைக் கிளப்பினேன். அண்ணனின் கால்கள் சுற்ற ஆரம்பித்தன. பிறகு கால்களே தெரியவில்லை. முட்டிக்குக் கீழே ஒரு மங்கல்தான் இருந்தது. ஒரு செருப்பு பறந்துபோய் எதிர் டீக்கடை வடைத் தட்டில் விழுந்தது. இன்னொன்று எங்கே போனதென்று கடைசி வரை தெரியவில்லை.

நிறுத்தலாம் என்று பார்த்தால் எஞ்சினை அணைக்கிற வயர் கழன்று தொங்குகிறது. பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, உள்ளே மிச்சம் இருப்பது எரிந்து தீரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. காலைத் தூக்குங்கண்ணே, தூக்குங்கண்ணே என்று கத்துகிறேன். “இங்க தூக்கிப் பழகுனா பழனி ரோட்டுலயும் தூக்கிருவேன்,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். போகிற பஸ்கூட மெதுவாகப் போனது. கடைசியில் எஞ்சின் இருமி நின்றது. இருவர் பிடித்து அண்ணனைக் கீழே இறக்கினோம். பெஞ்சில் உட்கார வைத்த பிறகும் கால்கள் தானாகத் துடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, நான் மிதிக்கல. அதுதான் என்னைய மிதிச்சுச்சு.”

தும்மலின் மூலம்

இரண்டு நாள் கழித்துப் பேச்சியம்மாள் அக்கா கடைக்கு வந்தார். அண்ணனைவிட ஒரு சாண் உயரம். எந்த மகராசன்டா என் வீட்டுக்காரர் காலைக் கழற்றி அனுப்பியது என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார். வசமாக மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுதலைச் சொன்னேன், முழங்காலைச் சொன்னேன், அக்கா தும்மும்போதெல்லாம் அண்ணனுக்கு ஈரக்குலை நடுங்குவதையும் சொன்னேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பதறிவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொடிமட்டையை எடுத்துக் காட்டினார். மூக்குப்பொடி. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மா தலைவலிக்குக் கொடுத்துப் பழக்கிவிட்டதாம். வீட்டில் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து, அண்ணன் தூங்கிய பிறகு ஒரு இழுப்பு. “கடைக்காரன் புண்ணியவான், அள்ளி அள்ளிப் போட்டுத் தாரான் போல, மட்டை தீரவே மாட்டேங்குது,” என்றார். அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் அவர் பயமும் போகும், முழங்காலும் தப்பும் என்றேன். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“சொல்லிப்புடாத தம்பி. கல்யாணமான நாள்ல இருந்து என்னைய ஏன் என்னன்னு கேட்ட மனுசன் இல்ல. இப்ப ஒரு தும்மலுக்கு எந்திரிச்சு உக்காந்து சுடுதண்ணி வச்சுத் தாராரு. பொடி போடாத அன்னைக்குங்கூட நான் ரெண்டு தும்மல் தும்மிர்றேன். நீ எஞ்சின ஒழுங்கா வச்சுக் குடு, நானும் பின்னாடி உக்காந்து வாரேன்.”

பாதயாத்திரைக்காரர்களின் கவலை

பெரிய பல்சக்கரம் கிடைத்தது. தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு கிளம்பினோம். அண்ணன் மிதிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்க, எஞ்சின் அவர் காலைச் சுற்ற, அக்கா கேரியரில் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் சாவி, ஸ்பேனர், ஒரு செயின் துண்டு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு என் உருளை வண்டியில் பின்னால் போனேன். வண்டி ஓட ஓட அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. என் கண் மட்டும் செயினை விட்டு அகலவில்லை. இதை வேலை என்று எடுத்துக்கொண்ட பாவத்துக்கு, இவர் பழனி போய்ச் சேரவில்லையென்றால் அக்காவுக்கு எப்போது சளி பிடித்தாலும் என்னால் பிடித்ததாகத்தான் ஆகும்.

ரோடு முழுக்கப் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டம். மேளச் சத்தத்தில் எஞ்சின் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அவர்கள் கண்ணில் பட்டதெல்லாம், ஒரு வயசாளி மனைவியை ஏற்றிக்கொண்டு அசராமல் மிதிக்கிறார், அவர் கால் பக்கமிருந்து புகை வருகிறது. ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு மேட்டில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து கும்பிட்டு வழிவிட்டது. ஒரு கொங்குப் பக்கத்து ஆள் மட்டும் மனசு கேட்காமல் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தார்.

“ஏனுங்கண்ணா, கால்ல இருந்து பொகை வருதுங்க. முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க, செத்த நேரம் நின்னுட்டுத்தான் போங்களேன்.”

செயின் அறுந்த இடம்

ஆயக்குடிக்குக் கொஞ்சம் முன்னால், மலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், எஞ்சினுக்கும் பெடலுக்கும் நடுவிலிருந்த செயின் பட்டென்று அறுந்தது. அண்ணன் கால் நின்றுவிட்டது. வண்டி நின்றது. நான் செயின் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன், கொஞ்ச நேரத்தில் மாட்டிவிடலாம் என்றேன். அண்ணன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேணாம் தம்பி. பாத்துட்டாரு,” என்றார். மலை தெரிகிறது என்றால் மலைக்கும் நாம் தெரிகிறோம்தானே.

அக்கா இறங்கிக்கொள்ள, அண்ணன் மிதிக்க ஆரம்பித்தார். அந்த முழங்காலோடு, செத்த எஞ்சினையும் சுமந்துகொண்டு. ஒவ்வொரு மிதிக்கும் அவர் முகம் கோணியது. ஒரு சின்ன மேட்டில் வண்டி பின்னால் வழுக்க ஆரம்பித்தபோது அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேரியரில் கை கொடுத்துத் தள்ளினார். அண்ணன் திரும்பிப் பார்த்து, தள்ளாதே, வேண்டுதல் என்னுடையது, தள்ளினால் செல்லாது என்று மூச்சிரைக்கக் கத்தினார். அக்கா கையை எடுக்கவில்லை.

“இம்புட்டு தூரம் எஞ்சின் தள்ளிட்டு வந்துச்சு, அது செல்லும். நான் தள்ளுனா செல்லாதா?”

அடிவாரத்தில்

போய்ச் சேர்ந்தோம். அண்ணன் மொட்டை போட்டுக்கொண்டார். மீசை மட்டும் தனியாக இருந்தது பார்க்க என்னவோ போலிருந்தது. முழங்காலை நீட்டி நிழலில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் பஞ்சாமிர்தக் கடையில் நின்றிருந்தார். வேண்டுதல் முடிந்தது, இனி யார் தும்மினாலும் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொல்லலாம் என வாயெடுத்தேன். கடைப் பக்கமிருந்து அக்காவின் தும்மல் கேட்டது. அண்ணன் தரையில் கையை ஊன்றி, முனகிக்கொண்டே எழுந்துவிட்டார்.

“இன்னும் என்னண்ணே, அதான் முடிஞ்சிருச்சே,” என்றேன். அவர் அக்கா இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் காதருகில் குனிந்தார்.

“அது பொடின்னு எனக்குத் தெரியாதா தம்பி? அரிசிப் பானைக்குள்ள இருக்குற மட்டை தீரத் தீர அதுல பொடி போட்டு வைக்கிறதே நாந்தான். ஆனா எது பொடித் தும்மல், எது முருகன் தும்மல்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியலையே. அதான் எல்லாத் தும்மலுக்கும் எந்திரிச்சிர்றேன். அவகிட்ட சொல்லிப்புடாத.”

உருளை, பெல்ட், செயின் என்று எல்லா வழியிலும் சுற்றலைக் கடத்திப் பார்த்த எனக்கு, அந்த வீட்டில் எஞ்சின் யார், சக்கரம் யார் என்பது மட்டும் இன்றைக்கு வரை பிடிபடவில்லை.